துண்டுக்குள்ள பேசுன வலி

அந்தக் கதவைத் தட்டாதீங்க. தொறக்க மாட்டாங்க. வாங்க, இப்பிடி வந்து உக்காருங்க. ஃபேனு இந்தப் பக்கந்தான் சித்த சுத்தும். உங்க வூட்டுக்காரம்மாளை உள்ள கூட்டீட்டுப் போனாங்கல்ல, அவங்களா வெளிய வர்ற வரைக்கும் நமக்கு இந்தப் பெஞ்சுதான். கதவுல ஒட்டியிருக்குது பாருங்க, 'துணைக்கு வந்தவர்கள் வெளியே இருக்கவும்'னு. துணைக்கு வந்தவங்கன்னா யாரு? நீங்களும் நானுந்தான். புருசன்மாருன்னு எழுத அவங்களுக்குக் கூச்சம். அந்தக் காயிதம் ஒட்டுனதே என்னாலதானுங்க. சும்மா சொல்லலை, இங்க யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க.

நீங்க எந்தூரு? தாராபுரமா. அப்ப என்னையத் தெரிஞ்சிருக்கோணுமே. ஒட்டன்சத்திரம் நாட்ராயன். மாட்டுத் தரகு. தெரியாதா? சரி, விடுங்க, நீங்க மாடுகன்னு வெச்சிருக்க மாட்டீங்க. சந்தையில நான் கை வெச்ச மாட்டுக்கு மறுபேச்சு கெடையாதுங்க. வாயைத் தொறந்து பல்லைப் பார்த்தேன்னா வயசு. நடக்கவுட்டுப் பார்த்தேன்னா நோவு. எந்தக் கால்ல முள்ளுன்னு அந்தக் கோடியில வரும்போதே சொல்லிப்புடுவேன். மாடு வாயைத் தொறந்து 'எனக்கு இத்தனை வலி'ன்னு சொல்லுதா? நாமதான் பார்த்துச் சொல்றோம். அப்படிப்பட்டவனை வெளிய உக்கார வெச்சுட்டு, உள்ள ஆராய்ச்சி நடக்குதுங்க.

நம்ம வூட்டுக்காரி பேரு மயிலாத்தா. மூட்டு வலி. எப்ப இருந்துன்னு கேட்டா எனக்கு எப்பிடித் தெரியும், அவ சொன்னாத்தானே. எங்கூருப் பள்ளிக்கூடத்துல இந்தப் பிசியோதெரபி காலேஜுக்காரங்க வந்து முகாம் போட்டாங்க. ரெஜினான்னு ஒரு பொண்ணு, மேல்படிப்புப் படிக்குது, இவ மூட்டை அமுக்கிப் பார்த்துட்டு, "அம்மா, நாங்க மூட்டு வலிக்கு ஒரு ஆராய்ச்சி பண்றோம், வர்றீங்களா, மருந்து மாத்திரை கெடையாது, பயிற்சிதான், வலி குறையும்"னு கேட்டுச்சு. இவ உடனே சரின்னுட்டா. என்னையத் திரும்பிக்கூடப் பார்க்கலை. அப்பவே எனக்கு சுருக்குன்னுச்சு.

ஆராய்ச்சின்னா என்னன்னு நினைச்சீங்க? ரெண்டு கோஷ்டி. ஒரு கோஷ்டியில பொம்பளைங்க மட்டும் வந்து பயிற்சி கத்துக்கிட்டு, வூட்டுல தனியாச் செய்யோணும். இன்னொரு கோஷ்டிக்கு வூட்டு ஆளு ஒருத்தர் கூடவே வந்து, கூடவே கத்துக்கிட்டு, கூட இருந்து செய்ய வைக்கோணும். துணை இருந்தா வலி சீக்கிரம் குறையுதான்னு பார்க்கறாங்களாம். அட கெரகமே, இதுக்கு ஆராய்ச்சி வேறயா? துணை இல்லாத மாடு உழுமா? என்னையக் கேட்டிருந்தா சந்தையில நின்ன வாக்குலயே சொல்லியிருப்பேன்.

யாரு எந்தக் கோஷ்டின்னு அவங்க முடிவு பண்ண மாட்டாங்களாம். மூடுன கவரு ஒரு டப்பாவுல கெடக்குது, எடுக்கோணும். ரெஜினா டப்பாவை மயிலாத்தா முன்னாடி நீட்டுச்சு. இவ கையை நீட்டுனா. "இரு, உனக்கென்ன தெரியும், என்ற கை ராசியான கை"ன்னு நானே எடுத்தேன். துணையோட வர்ற கோஷ்டி. பார்த்தீங்களா ராசியை? மயிலாத்தா அந்தக் கவரையே பார்த்துக்கிட்டு நின்னா. அத்தனை சந்தோசம் போல.

அப்புறம் ஒரு அட்டையைக் கொண்டாந்து வெச்சாங்க. மூஞ்சி வரைஞ்சிருக்குது. இந்தக் கோடியில சிரிக்கிற மூஞ்சி, அந்தக் கோடியில அழுகற மூஞ்சி. கீழ நெம்பரு. ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்களுக்குப் பாடம் நடத்தற மாதிரி.

"அம்மா, வலியே இல்லைன்னா சைபரு. இதுக்கு மேல தாங்கவே முடியாதுன்னா பத்து. இப்ப உங்களுக்கு எத்தனைங்க?"ன்னு ரெஜினா கேட்டுச்சு.

மயிலாத்தா என்னையப் பார்த்தா. அதானே வழக்கம்.

"நாலு போடு அம்மிணி"ன்னேன்.

"ஐயா, அவங்க சொல்லட்டுங்க."

"அவ சொன்னா என்ன, நான் சொன்னா என்ன. ஒரே வூட்டுச் சோறுதானே திங்கறோம்."

அதுக்குள்ள இவ மெதுவா, "எட்டுங்க"ங்கறா. எட்டாம். நீங்களே சொல்லுங்க, எட்டு வலிக்கறவ வெடியால எந்திரிச்சு அத்தனை மாட்டுக்கும் பால் பீச்சுவாளா? ஒறம்பரை வந்தா ஓடி ஓடிப் பரிமாறுவாளா? அதுவுமில்லாம எட்டுன்னு எழுதுனா, கத்தியை எடுத்து மூட்டைக் கழட்டீட்டு இரும்பு மூட்டு வெக்கோணும்பாங்க. எங்க பங்காளி வூட்டுல அதுதான் நடந்துச்சு. எவனாவது தன் மாட்டுக்கு இருக்கற குத்தத்தைச் சந்தையில பெருசாக்கிச் சொல்லுவானா? நொண்டுற மாட்டைக்கூட, 'சித்த நேரம் நின்னதுல காலு மரத்துப் போச்சுங்க'ன்னுதான் சொல்லோணும். நான் அவ நல்லதுக்குத்தான் பேசுனேன்.

"எட்டெல்லாம் இல்ல அம்மிணி. நாலு."

ரெஜினா என்ன பண்றதுன்னு தெரியாம என்னையும் இவளையும் மாத்தி மாத்திப் பார்த்துச்சு.

"சரி, உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். ஆறு"ன்னேன்.

புள்ளை சிரிச்சுப்போட்டு ஆறுன்னே எழுதிருச்சு. பொழைக்கத் தெரிஞ்ச புள்ளைன்னு மனசுக்குள்ள மெச்சிக்கிட்டேன். ஆனா அதோட டீச்சரு ஒரு அம்மா இருக்குது, தமயந்தி மேடம்னு. கண்ணாடியை மூக்கு நுனியில போட்டுக்கிட்டு, எல்லாரையும் மேல இருந்து பார்க்கும். அதுக்கு இந்த விசயம் தெரிஞ்சு அந்தப் புள்ளையைப் புடிச்சுக் காய்ச்சு காய்ச்சுன்னு காய்ச்சிருச்சு. "வலியை அனுபவிக்கறவங்க வாயில இருந்து வர்ற நெம்பரைத்தான் எழுதணும். வேற யார் சொன்னாலும் எழுதக் கூடாது. இது வியாபாரம் இல்ல"ன்னு. வியாபாரம் இல்லாத எடம் எதுங்க உலகத்துல? அந்தம்மா காலேஜுல சம்பளம் எத்தனைன்னு பேசாமயா வேலைக்குச் சேர்ந்துச்சு?

வூட்டுல செய்யற பயிற்சியைக் கேளுங்க. நாற்காலியில உக்காந்துக்கிட்டுக் காலை நீட்டோணும், மடக்கோணும். செவுத்தைப் புடிச்சுக்கிட்டு எந்திரிக்கோணும், உக்காரோணும். இதைத்தானே அவ பொழுதன்னிக்கும் மாட்டுக் கட்டுத்தரையில செஞ்சுக்கிட்டிருக்கறா. கூட இருக்கறவனுக்கு என்ன வேலைன்னா, உற்சாகப்படுத்தோணும். படுத்துனேங்க. அவ போட்டுக் கொடுத்த டீயைக் குடிச்சுக்கிட்டே, "தூக்கு, இன்னும் தூக்கு, என்ன தூங்கறயா"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அதோட நின்னா பரவால்லை. அவ பயிற்சி பண்ணுற நேரத்துக்கு அவ வேலையை நான் பார்க்கோணுமாம். சாணி அள்ளோணுமாம். ஒரு நாள் அள்ளுனேன். அடுத்த வூட்டுக்காரன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு, "என்னங்க மாமா, மாட்டை வித்துட்டு நீங்க கட்டுத்தரைக்குக் குடி வந்துட்டீங்களா"ன்னு எகத்தாளம் பேசறான். அதோட விட்டேன். அப்புறம் அவ சாணி அள்ளீட்டு வந்துதான் பயிற்சி பண்ணுவா. ஆனா நான் பக்கத்துலயே இருந்தேன். அதை மறுக்க முடியாது.

நடக்க வெச்சும் பார்ப்பாங்க. இந்த வராண்டாவுல அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஒரு டப்பாவை வெச்சுட்டு, நடந்து நடந்து வரோணும், எவ்வளவு தூரம் போறாங்கன்னு பார்ப்பாங்க. துணையாச்சேன்னு நானும் நடந்தேன். நான் எப்பவும் வெரசாத்தான் நடப்பேன். திரும்பித் திரும்பி, "வா, வா"ன்னுக்கிட்டே போனேன். ரெஜினா ஓடி வந்து, "ஐயா, நீங்க நடக்க வேண்டாங்க, உங்களை யாரும் அளக்கலை"ங்குது. அளந்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வர்றேன். நெம்பரை அவளே சொல்லோணும்னு ஆயிப்போச்சுல்ல. இவ வாயில எட்டு, ஒன்பதுன்னு வந்துட்டா? நான் என்ன பண்ணுனேன்னா, எங்க தொழில் வழக்கத்தை எடுத்தேன். சந்தையில மாட்டுக்கு வெலையை நாங்க வாயில பேசறதில்லீங்க. தோள் துண்டை எடுத்துக் கை மேல போட்டுக்குவோம். அதுக்குள்ள விரலைப் புடிப்போம். எத்தனை விரலோ அத்தனை. சுத்தி நிக்கறவனுக்கு ஒண்ணும் புரியாது, சிரிச்சுப் பேசிக்கிட்டே லட்ச ரூபா மாட்டை முடிச்சுப்புடுவோம். மயிலாத்தா தரகன் பொண்டாட்டி, அவளுக்குச் சொல்லியா தரோணும். நான் பக்கத்துல உக்காந்து துண்டை ரெண்டு பேரு கை மேலயும் போட்டுக்குவேன். ரெஜினா கேட்கும். நான் நாலு விரலைப் புடிப்பேன். இவ "நாலுங்க"ம்பா. அடுத்த வாரம் அதே நாலு. சில வாரம் போனாப் போகுதுன்னு அஞ்சு விரலையும் புடிப்பேன். நானும் கல்லு மனசுக்காரன் இல்லீங்க.

ரெஜினாவுக்கு என்ன சந்தோசம் தெரியுமா? வூட்டுக்காரரு துண்டுக்குள்ள கையைப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருக்கறாரே, எத்தனை பாசம்னு. மத்தவங்களுக்கெல்லாம் எங்களைக் காட்டிச் சொல்லுச்சு.

கடைசி நாளு. தமயந்தி மேடமே வந்து எதிர்ல உக்காந்துக்கிச்சு. "சொல்லுங்கம்மா, இன்னிக்கு எத்தனை?"

நான் மூணு விரலைப் புடிச்சேன். கடைசி நாளாச்சே, குறைஞ்சாப்புல இருக்கட்டும்னு.

"எட்டுங்க"ன்னா மயிலாத்தா.

சரி, விரலு வழுக்கீருச்சுன்னு மறுபடியும் மூணைப் புடிச்சேன்.

"எட்டுங்க மேடம்."

எனக்கு எப்பிடி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. தாலி கட்டுன நாள்ல இருந்து நான் போட்ட கோட்டைத் தாண்டாதவ. நல்லா அழுத்திப் புடிச்சேன். இவ 'ஸ்ஸ்'ங்கறா. மேடம் சட்டுன்னு எந்திரிச்சு வந்து துண்டைத் தூக்கிருச்சு. உள்ள பார்த்தா மூணு விரலு, ரத்தம் கட்டிச் செவந்து போயிருக்குது.

"ஏம்மா, வலி மூட்டுலயா, கையிலயா?"ன்னு கேட்டுச்சு அந்தம்மா.

மயிலாத்தா தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சிரிக்கறா. ஆமாங்க, சிரிச்சா. என்னைய எந்திரிச்சு வெளிய போகச் சொல்லீட்டாங்க. சந்தையில என்னைய ஒருத்தனும் கை காட்டி வெளிய போகச் சொன்னதில்லை. அடுத்த தடவை வந்தா அந்தக் காயிதம் கதவுல இருக்குது.

பொறவு எல்லாரையும் கூப்பிட்டு வெச்சு ஆராய்ச்சி முடிவைச் சொன்னாங்க. டீயும் கொடுத்தாங்க. மலையைக் கல்லி எலியைப் புடிச்ச கதைன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, அன்னிக்குக் கண்ணுல பார்த்தேன். தனியாப் பயிற்சி பண்ணுன பொம்பளைங்களுக்கு வலி நல்லாக் குறைஞ்சு போச்சாம். நல்லா நடக்கறாங்களாம். துணையோட வந்த கோஷ்டிக்குத்தான் அவ்வளவா ஒண்ணும் ஆகலையாம். எப்பிடி இருக்குது பாருங்க. கூட நின்ன எங்களை வெச்சே எங்களுக்குக் குழி பறிக்கறாங்க. "துணை இருந்தா நல்லதுன்னு நினைச்சோம். எங்க எண்ணம் தப்பாயிடுச்சு. எப்படிப்பட்ட துணைன்னு நாங்க பார்க்காம விட்டுட்டோம்"னு மேடம் சொல்லுச்சு. எல்லாரும் என்ற பக்கம் திரும்பிப் பார்த்தாங்க. நானும் பின்னாடி திரும்பிப் பார்த்தேன், யாரைச் சொல்றாங்கன்னு. செவுருதான் இருந்துச்சு.

முடிஞ்சுதுன்னு கெளம்பறோம், மேடம் மயிலாத்தாளை நிறுத்தி, "நீங்க மட்டும் தொடர்ந்து வாங்கம்மா, உங்களை நாங்க முதல்ல இருந்து பார்க்கறோம்"னுச்சு. நான் வேண்டாம்னேன். இவ, "நான் வர்றேனுங்க"ன்னுட்டா. பஸ்ஸுல தனியா அனுப்ப முடியுமா? அதுக்குத்தான் நான் வந்து இங்க காவல் காக்கறேன்.

அந்த ஜன்னல் இருக்குது பாருங்க, அதுல முன்னெல்லாம் அட்டை அடைக்கலை. உள்ள பேசறது வெளிய கேட்கும். ஒட்டுக் கேட்கலை, காதுல வுழுந்துச்சு. ரெஜினா கேட்குது, "அம்மா, இத்தனை வருசத்துல உங்களுக்கு ரொம்ப வலிச்சது எப்பங்க?"

இவ யோசிக்கவே இல்லை. "பழனி மலை ஏறுன அன்னிக்குத்தாம்மா. பத்து"ங்கறா. "படியில ஏற ஏற மூட்டுக்குள்ள நெருப்பு வெச்சாப்புல இருந்துச்சு. பாதியில உக்காந்து அழுதேன். அவரு முன்னாடி போயிட்டாரு. அவரு திரும்பிப் பார்க்கறதுக்குள்ள மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டேன்."

அந்த மலை எதுக்கு ஏறுனோம் தெரியுங்களா? இவ மூட்டு வலிக்காகத்தான். 'முருகா, மயிலாத்தா காலுக்கு நல்லாக் கொடு, படியேறி வந்து கும்பிடறோம்'னு வேண்டுனவன் நான். வின்ச்சு ரயில்ல போலாமான்னு இவ கேட்டா. வின்ச்சுல போனா வேண்டுதல் எப்பிடிச் சேரும்? ஏறுனோம். மேல போயி, "எப்பிடி இருக்குது?"ன்னு கேட்டேன். மறக்கலை, கேட்டேன். "பரவால்லீங்க"ன்னா. பரவால்லைன்னா என்ன அர்த்தம்? பரவால்லைன்னுதானே அர்த்தம்? அன்னிக்கு அது பத்தாம். எவளோ நேத்து வந்த புள்ளைகிட்டச் சொல்றா, எனக்குச் சொல்லலை.

எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சுங்க. கோவந்தான், வேற என்ன.

இங்க இருந்து ஊருக்குத் திரும்பிப் போறப்பப் பஸ்ஸுல பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டுக் கேட்டுட்டேன். "ஏண்டி, அத்தனை வலியை இத்தனை வருசமா ஏன் என்ற கிட்டச் சொல்லலை?"

ஜன்னல் பக்கமே பார்த்துக்கிட்டே சொல்றா, "சொன்னா நீங்க குறைச்சுப்புடுவீங்க."

அவ்வளவுதான். சண்டை போடலை, அழுகலை. கண்டக்டர்கிட்ட மீதிச் சில்லறை கேட்கறாப்புலச் சொன்னா. நான் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டேனுங்க. இந்த வாயை வெச்சுக்கிட்டு எத்தனை சந்தையில எத்தனை பேரை மடக்கியிருக்கறேன்.

இப்ப என்னடான்னா, பயிற்சி பண்ணப் போறப்பக் கதவைச் சாத்திக்கறா. டீயை நானே போட்டுக்கறேன். சாணிக்கு ஆள் வெச்சாச்சு, அவதான் வெச்சா, என்னையக் கேட்கலை. இங்க இருந்து வெளிய வருவா, "இன்னிக்கு எத்தனை?"ன்னு கேட்டா, "உள்ள சொல்லீட்டேன்"ங்கறா. ஒவ்வொரு வாரமும் அதே பேச்சு. உள்ள சொன்னா ஆச்சா? நான் யாரு, வழிப்போக்கனா? கல்யாணம் பண்ணுனவன் வெளிய நிக்கறேன், நெம்பரு உள்ள கெடக்குது.

இன்னொரு கூத்தைச் சொல்றேன் கேளுங்க. எங்க போனாலும் அவ எனக்குப் பின்னாடிதான் வருவா, எப்பவும் அப்படித்தான். இப்ப பஸ்ஸை விட்டு எறங்குனதும் எனக்கு முன்னாடி நடக்கறா. பையைத் தூக்கிக்கிட்டு நான் பின்னாடி வர்றேன். பார்க்கறவன் என்ன நினைப்பான்? ஆனா அப்பத்தான் பார்த்தேன், இடது காலைச் சித்த இழுக்கறா. பாதத்தை முழுசா ஊனறதில்லை. அது இன்னிக்கு நேத்து வந்த நடை இல்லீங்க, ரொம்ப வருசத்து நோவு. மாடா இருந்தா அந்தக் கோடியிலயே சொல்லியிருப்பேன். இவ பின்னாடி வந்தா எங்க பார்க்கறது? அவ தப்புத்தானே? முன்னாடியே முன்னாடி நடந்திருக்கோணும்.

அது கெடக்குது, விடுங்க. இவங்க ஆராய்ச்சியும் இவங்களும். உங்க வூட்டம்மாளுக்கு என்ன, இடுப்பா? எத்தனைன்னு சொல்றாங்க?

ஏழா. நீங்களாச் சொல்றீங்களா, அவங்க சொன்னாங்களா? அவங்களே சொன்னாங்களா. சரி.

ஏழெல்லாம் இருக்காதுங்க. படியேறி வந்ததை நானும் இங்க உக்காந்து பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன். அஞ்சு வைங்க. என்னங்க அப்பிடிப் பார்க்கறீங்க, அநியாயமாவா கேட்டுட்டேன்? சரி, உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். ஆறு.